மெல்லப் பேசுவோரும் மெல்ல நடப்போரும்

(மூன்றாம் ஆண்டு இளநிலை விலங்கியல் மாணவர் ஒருவர்)

ஒருவரைப் பற்றி முடிவு கட்ட நமக்கு எவ்வளவு நேரம் தேவைப்படுகிறது? ஒரு நிமிடம் கூட இல்லை. முகத்தைப் பார்க்கிறோம், நடையைப் பார்க்கிறோம், இரண்டு சொல் பேசக் கேட்கிறோம். அவ்வளவுதான். இவர் கோபக்காரர், இவர் கர்வம் பிடித்தவர், இவர் மந்தபுத்தி, இவர் குடித்திருக்கிறார் என்று தீர்ப்பு எழுதி முத்திரையும் குத்திவிடுகிறோம். நீதிமன்றத்தில் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் கூடத் தன் பக்கத்தை எடுத்துரைக்க வாய்ப்பு உண்டு. நமது தெரு நீதிமன்றத்தில் அதுவும் இல்லை. முகம் அசையாமல், கால் எழாமல், குரல் வெளிவராமல் போன ஒருவர் அந்தக் கூண்டில் நின்றால் தமக்காக வாதாட அவரிடம் மிஞ்சியிருப்பது என்ன? பார்க்கின்சன் நோயால் துன்புறுவோரின் நிலை இதுதான். நோய் செய்யும் கேடு ஒரு பங்கு என்றால், அதைத் தவறாகப் படிக்கும் நம் கண்ணும் காதும் செய்யும் கேடு மற்றொரு பங்கு என்பது என் கருத்து. முதற் பங்கைக் குறைக்க விஞ்ஞானிகள் உழைக்கிறார்கள். இரண்டாவது பங்கு நம் பொறுப்பு.

நம் கல்லூரி விழா நாடகங்களையே எடுத்துக்கொள்வோம். கிழவர் வேடமிட்ட மாணவன் கோலை ஊன்றி, கையை வெடவெடவென்று ஆட்டி, குரலையும் அதே தாளத்தில் நடுங்கவிட்டு மேடைக்கு வந்தாலே போதும்; முதல் வசனம் பேசுமுன் அரங்கம் சிரிப்பால் அதிரும். சிரிப்பது பாவம் என்று நான் உபதேசம் செய்ய வரவில்லை. ஆனால் அந்த நடிப்பு உண்மைக்கு முற்றிலும் புறம்பானது என்பதையாவது சொல்லியாக வேண்டும். பார்க்கின்சன் நோயாளியின் கை பெரும்பாலும் மடியில் சும்மா கிடக்கும்போதுதான் நடுங்கும். ஒரு பொருளை எடுக்கப் போகும்போது அந்நடுக்கம் அடங்கும். குரலோ நடுங்குவதைவிட மிகுதியாகத் தேய்கிறது. கோலூன்றிக் கலகலப்பாக ஆடி வரும் அந்த நாடகக் கிழவரைக் காட்டிலும், வாசற்படியருகே கால் தரையில் ஒட்டிக்கொண்டதைப் போல அசையாது நிற்பவரே இந்நோயின் சரியான உருவம். அதை மேடையில் காட்டினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். என்ன நடக்கிறது என்பதே விளங்காது.

இந்நோயை முதன்முதலில் தெளிவுற எழுதிவைத்தவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற இலண்டன் மருத்துவர். இவர் பிறந்த ஏப்ரல் 11-ஆம் நாளைத்தான் இன்று உலகம் பார்க்கின்சன் நாளாகக் கடைப்பிடிக்கிறது. பிறந்த ஆண்டு 1755. மனிதர் சாதாரணப்பட்டவர் அல்லர். புதைபடிவங்களை ஆராய்ந்து நூல் எழுதினார். 'ஓல்டு ஹ்யூபர்ட்' என்ற புனைபெயரில் ஏழைகளின் அரசியல் உரிமைக்காகத் துண்டு வெளியீடுகள் எழுதி அரசின் விசாரணைக்கும் ஆளானார். அவர் 1817-இல் வெளியிட்ட சிறு நூல் 66 பக்கங்களே கொண்டது. அதில் ஆறு பேரைப் பற்றி எழுதினார். அந்த ஆறு பேரில் சிலர் அவரிடம் மருத்துவம் பார்க்க வந்தவர்கள் அல்லர், தெருவில் எதிர்ப்பட்டவர்கள். ஒருவரைத் தொலைவிலிருந்து கண்டதோடு சரி. நாமும் தெருவில்தான் பார்க்கிறோம். நாம் தீர்ப்பெழுத எடுத்துக்கொள்ளும் அதே சில நொடிகளில் அவர் குனிந்த உடலையும், முன்னோக்கி விரையும் நடையையும், ஓய்ந்த கையின் நடுக்கத்தையும் கண்டு, இவையெல்லாம் ஒரே நோயின் கூறுகள் என்று இணைத்துப் பார்த்தார். பார்வையில் எவ்வளவு வேறுபாடு!

ஆயினும் அவர் வைத்த பெயர் பொருந்தவில்லை. நடுங்கும் வாதம் என்னும் பொருள்படவே பெயரிட்டிருந்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் பாரிஸ் நகரின் சால்பெட்ரியர் மருத்துவமனையில் பணியாற்றிய ஷார்க்கோ என்ற பெருமருத்துவர் அதை மறுத்தார். இந்நோயாளியின் தசைகள் வலுவிழப்பதில்லை, ஆகவே இது வாதம் அன்று. நடுக்கமும் எல்லோருக்கும் வருவதில்லை, ஆகவே அதுவும் பொருந்தாது என்று கூறி, கண்டறிந்தவர் பெயராலேயே நோயை அழைக்கலானார். நாமோ இன்றும் நடுக்குவாதம் என்றே சொல்லி வருகிறோம். இதனால் விளையும் குழப்பம் சிறிதன்று. கை நடுங்கினாலே பார்க்கின்சன் என்று அஞ்சுவோர் ஒருபுறம். கை நடுங்கவில்லை, ஆகவே இது வயதின் தளர்ச்சிதான் என்று ஆண்டுக்கணக்கில் மருத்துவரை நாடாதிருப்போர் மறுபுறம். போதாததற்குப் பக்கவாதத்தோடும் இதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கலைச்சொல் ஆக்கத்தில் ஆர்வமுள்ள நம் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் இதற்கொரு நல்ல பெயர் கண்டால் நலம். 'அசைவுச் சுருக்க நோய்' என்பது எனக்குத் தோன்றிய பெயர். அழகாக இல்லைதான், ஆனால் உண்மைக்கு அருகில் இருக்கிறது.

ஏனெனில் இந்நோயில் எல்லாமே சுருங்குகின்றன. எட்டு வைக்கும் அடி சுருங்குகிறது. வீசும் கை சுருங்குகிறது. எழுதும் எழுத்து சுருங்குகிறது. முகத்தின் பாவனை சுருங்குகிறது. குரல் சுருங்குகிறது. காரணம் எங்கோ கைகால்களில் இல்லை. நடுமூளையில் கருநிறமாகத் தோன்றும் மிகச் சிறிய பகுதி ஒன்று உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து, அசைவுகளை ஒழுங்குபடுத்தும் மூளைப் பகுதிகளுக்கு அனுப்புகின்றன. இந்த அணுக்கள் சிறுகச் சிறுக மடிவதே நோய். கை நடுக்கமோ நடைத் தளர்ச்சியோ வெளியே தெரியும் நேரத்தில் அவற்றில் பாதியோ அதற்கு மேலோ அழிந்து போயிருக்கும். ஏன் மடிகின்றன என்ற கேள்விக்கு முழு விடை இன்றளவும் இல்லை.

டோபமின் குறைந்தால் என்ன ஆகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். காலை எட்டரை மணிப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறோம். எந்தக் காலை முன்வைப்பது, கையை எவ்வளவு வீசுவது, படியில் ஏறும்போது உடலை எவ்வளவு சாய்ப்பது என்று நம்மில் யாராவது எண்ணிப் பார்ப்பதுண்டா? ஓடிக்கொண்டே நண்பனைத் திட்டவும் செய்கிறோம்! எண்ணாமலே நடக்கும் இந்தச் செயல்களைத்தான் நோய் பறிக்கிறது. எண்ணிச் செய்வது மிஞ்சியிருக்கிறது. ஆகவே இந்நோயாளி ஒவ்வோர் அடியையும் கருத்தூன்றி எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது. நடக்கும்போதே பேச்சுக் கொடுத்தால் கால் நின்றுவிடுகிறது. நாம் இலவசமாகப் பெற்றதை அவர் ஒவ்வொரு முறையும் விலை கொடுத்து வாங்குகிறார்.

இதனை உணர்ந்தால் வியப்பான சில செய்திகளும் விளங்கும். சமதரையில் நடக்க முடியாதவர் மாடிப்படிகளில் சரளமாக ஏறுவார். வாசலருகே உறைந்து நிற்பவரின் காலுக்கு முன்னால் தரையில் குறுக்கே ஒரு வண்ண நாடாவை ஒட்டிவைத்தால் அதைத் தாண்டிக் கடந்துவிடுவார். தாளம் தட்டினால் தாளத்துக்கு நடப்பார். நெதர்லாந்து நாட்டு மருத்துவர்கள் 2010-இல் வெளியிட்ட செய்தி ஒன்று மருத்துவ உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. 58 வயதான ஒருவரால் சில அடிகள்கூட விழாமல் நடக்க முடியவில்லை. ஆனால் மிதிவண்டியில் ஏற்றிவிட்டால் எவ்விதத் தடையுமின்றி ஓட்டினார், திருப்பினார், திரும்பி வந்தார். இறங்கியவுடன் மீண்டும் உறைந்துவிட்டார். உள்ளிருந்து வரவேண்டிய கட்டளை வராதபோது, வெளியிலிருந்து கோடோ தாளமோ மிதிகட்டையோ ஒரு குறிப்புத் தந்தால் மூளை மாற்று வழியைப் பிடித்துக்கொள்கிறது என்று விளக்குகிறார்கள்.

ஆனால் இதை அறியாதவர் கண்ணுக்கு எப்படித் தோன்றும்? "படியேறத் தெரிகிறது, தரையில் நடக்க முடியாதாம், எல்லாம் பாசாங்கு" என்றுதானே தோன்றும்! வீட்டாரே அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு மருமகள் சொல்வதை மட்டும் குறை கூற மாட்டேன். பெற்ற மகனே சொல்கிறான்.

நடையை விடக் கொடியது பேச்சுக்கு நேரும் கதி. அதைப் பற்றி நம்மிடையே பேச்சே இல்லை என்பது ஒரு முரண். மார்பின் தசை, குரல்நாண், நாக்கு, உதடு ஆகிய அனைத்தும் சேர்ந்து இயங்கினால்தான் ஒரு சொல் பிறக்கிறது. அவ்வியக்கங்கள் எல்லாம் சுருங்கும்போது குரல் தணிகிறது. ஏற்ற இறக்கம் மறைந்து ஒரே தொனியில் ஓடுகிறது. சில சமயம் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து விரைகின்றன. இலக்கணம் படித்தவர்களுக்கு ஒன்று சொல்வேன். க, ச, ட, த, ப, ற என்ற வல்லினத்தை அழுத்தமாக ஒலிக்க வேண்டுமானால் நாவோ உதடோ காற்றை முழுவதும் அடைத்துப் பின் திறக்க வேண்டும். அசைவு சுருங்கிய வாயில் அந்த அடைப்பு முழுமை பெறுவதில்லை; காற்று கசிகிறது. வல்லினம் தன் வலிமையை இழக்கிறது. கேட்பவருக்குச் சொல் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதே புலப்படாது.

இதில் மிகக் கொடுமையான கூறு வேறொன்று. தம் குரல் தணிந்துவிட்டது என்பதே பேசுபவருக்குத் தெரிவதில்லை. அவர் காதுக்கு அது இயல்பான குரலாகவே படுகிறது. நாம் "என்ன? என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டால், "உனக்குத்தான் காது மந்தம்" என்று அவர் சினக்கிறார். "உரக்கப் பேசுங்கள்" என்று கேட்டுக்கொண்டால் அந்த ஒரு வாக்கியத்தை நன்றாகவே உரக்கப் பேசுவார். அடுத்த வாக்கியத்தில் குரல் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். ஆற்றல் இருக்கிறது, அளவுகோல்தான் கெட்டுவிட்டது. நாளடைவில் கேட்பவர் சலித்துக்கொள்கிறார். பேசுபவர் பேசுவதைக் குறைக்கிறார். பேசாத குரல் மேலும் தேய்கிறது. வீட்டில் நல்லது கெட்டது பற்றி அவரைக் கேட்காமலே முடிவு செய்யத் தொடங்குகிறார்கள். உயிரோடு இருக்கும் ஒருவர் தம் வீட்டுக் கூடத்திலேயே மெல்ல மெல்லக் காணாமற் போகிறார்.

முகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகத் தசைகளின் அசைவு குறைவதால் மகிழ்ச்சியும் துயரமும் முகத்தில் ஏறுவதில்லை. கண் இமைப்பதும் குறைந்து, வெறித்த பார்வை போலாகிவிடுகிறது. பேரக் குழந்தை ஓடி வந்து முத்தம் கொடுத்தாலும் முகம் மாறாது. உள்ளம் நிறைந்திருக்கும், முகம் மட்டும் அடைத்த கதவாக இருக்கும். பேரன் அஞ்சி விலகினால் அவனைக் குறை சொல்ல முடியுமா? முகத்தைப் பார்த்து மனத்தை அளப்பதைத்தானே நாம் அவனுக்குப் பழக்கியிருக்கிறோம்.

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். மூன்று தலைமுறையினருக்கு எழுத்தறிவித்தவர். இந்நோய் வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. ஒரு நாள் வங்கியில் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்தேன். பணம் எடுக்கும் படிவத்தில் அவர் இட்ட கையெழுத்து முதலெழுத்தில் தொடங்கி முடிவில் கடுகளவாய்ச் சுருங்கிப் போயிருந்தது. எழுத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, கையெழுத்து ஒத்து வரலை. பேசாம கைநாட்டு வச்சிடுங்க" என்றார். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. உதவி செய்வதாக எண்ணியே சொன்னார். ஆசிரியர் ஏதோ மறுமொழி சொன்னார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அது போய்ச் சேரவில்லை. பின்னால் நின்ற எனக்குக் கேட்டது. "கோடு போட்ட தாள் ஒன்று கொடுங்கள், எழுதிக் காட்டுகிறேன்" என்பதுதான் அவர் சொன்னது. அவர் கேட்டது நியாயம். இரண்டு கோடுகளுக்கு இடையே எழுதச் சொன்னால் இந்நோயாளிகளின் எழுத்து பெரிதாவது மருத்துவர்கள் அறிந்த உண்மை. தரையில் ஒட்டும் நாடா காலுக்குச் செய்வதைத் தாளில் இட்ட கோடு கைக்குச் செய்கிறது. நான் அவர் சொன்னதை உரக்கத் திருப்பிச் சொன்னேன். எழுத்தர், "படிவத்துல கோடு இல்லீங்களே தம்பி" என்றார். வரிசையில் யாரோ, "சீக்கிரம் ஆகட்டும் பெரியவரே" என்று குரல் கொடுத்தார்கள். நாற்பது ஆண்டு எழுத்தறிவித்த விரல் மைப்பெட்டியில் அழுந்தியது.

கையெழுத்திட இயலாத முதியவர்களின் கைநாட்டைச் சாட்சிகளுடன் ஏற்றுப் பணம் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருப்பது நல்ல செய்தியே. அதை நான் குறை கூறவில்லை. ஆனால் எழுத இயலாதவர் வேறு, எழுத நேரமும் ஒரு கோடும் வேண்டுபவர் வேறு. முன்னவருக்குச் செய்யும் உதவியைப் பின்னவருக்குச் செய்தால் அது அவமானமாகிறது. இந்த வேறுபாட்டை உணர்த்த எந்தச் சுற்றறிக்கையாலும் முடியாது.

புகழ் பெற்றோருக்கும் இக்கதியிலிருந்து விலக்கு இல்லை. குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியை அறியாதார் யார்? முட்டியைவிட வாய் வேகமானது என்று பெயரெடுத்தவர். 1980-இல் சென்னைக்கும் வந்து காட்சிப் போட்டி ஆடிச் சென்றார். 1984-இல் அவருக்கு இந்நோயின் கூறுகள் இருப்பதாக மருத்துவர்கள் அறிவித்தனர். பின்னாளில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அவருடைய பழைய தொலைக்காட்சிப் பேட்டிகளை ஆண்டுவாரியாக அளந்து பார்த்தபோது, நோய் அறிவிக்கப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அவர் பேச்சின் வேகம் குறையத் தொடங்கிவிட்டதைக் கண்டார்கள். உலகமே கேட்டுக்கொண்டிருந்த குரல். ஆனால் அது தேய்வதை உரிய காலத்தில் யாரும் கேட்கவில்லை! 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடக்கை நடுங்க, முகம் இறுக, வலக்கையால் சுடரேற்றி நின்ற அலியைக் கண்டு உலகம் கண்ணீர் விட்டது. கண்ணீர் விட்டதில் தவறில்லை. ஆயினும் அன்று அவரைக் கண்டவர்களில் எத்தனை பேர் அந்த இறுகிய முகத்துக்குள் பழைய குறும்புக்காரர் அப்படியே இருக்கிறார் என்று எண்ணியிருப்பார்கள்?

மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் என்ற நடிகரின் செய்தி இதற்கு நேர் எதிரானது. முப்பது வயதிலேயே, 1991-இல், நோய் கண்டறியப்பட்டவர் இவர். 2006-இல் ஒரு தேர்தல் விளம்பரத்தில் தோன்றிப் பேசியபோது அவர் உடல் வளைந்து நெளிந்து ஆடியது. மருந்தை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார், அல்லது நடிக்கிறார் என்று ரஷ் லிம்பா என்ற வானொலிப் பேச்சாளர் ஏளனம் செய்தார். உண்மை என்ன? அப்படி ஆடவைப்பது மருந்தின்மை அன்று. நெடுநாள் மருந்து உண்பதன் விளைவே அவ்வகை ஆட்டம். மருந்து வேலை செய்யும் மணிகளில் உடல் மிகையாக ஆடும். மருந்தின் வேகம் அடங்கியதும் உடல் கல்லாய் இறுகும். காலையில் கடைத்தெருவுக்கு நடந்து போனவர் நண்பகலில் நாற்காலியை விட்டு எழ முடியாமல் போவது இதனால்தான். இதைப் பாசாங்கு என்பவர் கடிகாரத்தைப் பார்க்கத் தவறியவர்.

இந்நோயின் உறவுக்கார நோய்களும் சில உண்டு. அவற்றுள் ஒன்றில் நோயாளி தொடக்கத்திலேயே அடிக்கடி பின்புறமாக விழுவார், கண்களைக் கீழ்நோக்கித் திருப்ப முடியாது, பேச்சு குளறும். இங்கிலாந்தின் நகைச்சுவை நடிகர் டட்லி மூர் இந்நோயால் துன்புற்றதை 1999-இல் அறிவித்தார். அதற்கு முன் அவர் நடையையும் பேச்சையும் கண்டவர்கள் குடிபோதை என்றே பேசிக்கொண்டார்கள். 1981-இல் வந்த படம் ஒன்றில் குடிகாரனாக நடித்துப் பெரும்புகழ் பெற்றவர் அவர். நடித்தபோது பாராட்டிய கண்களே நோயுற்றபோது ஏசின. இனி, கையை நீட்டித் தேநீர்க் கோப்பையை எடுக்கும்போது மட்டும் நடுங்குவது பெரும்பாலும் வேறு வகை நடுக்கம். அது பார்க்கின்சன் அன்று. வாந்திக்கும் தலைச்சுற்றலுக்கும் மனநோய்க்கும் தரப்படும் சில மருந்துகளை நெடுநாள் உண்பதால் பார்க்கின்சன் போன்ற நிலை வருவதும் உண்டு. மருத்துவர் அம்மருந்தை மாற்றினால் பெரும்பாலும் அது தணியும். ஆகவே நாமே பெயர் சூட்டிக்கொள்ளாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

மருந்தின் கதையில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை இங்கே பெருமையோடு குறிப்பிட விரும்புகிறேன். நம் சர்ப்பகந்திச் செடியிலிருந்து எடுக்கப்படும் ரெசர்ப்பின் என்ற பொருளை முயல்களுக்குக் கொடுத்தால் அவை அசைவற்றுக் கிடக்கும். சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன் அத்தகைய முயல்களுக்கு டோபா என்ற பொருளைச் செலுத்தியதும் அவை எழுந்து நடமாடின. இது 1957-இல். இக்கண்டுபிடிப்புகளுக்காக 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். ஆஸ்திரியாவின் ஹார்னிக்கீவிச், இறந்த நோயாளிகளின் மூளையில் டோபமின் குறைந்திருப்பதை 1960-இல் காட்டினார். 1967-இல் ஜார்ஜ் கோட்சியாஸ் என்பவர் டோபாவைப் பெருமளவில் வாய்வழி கொடுத்து நோயாளிகளை நடக்கவைத்தார். அந்த டோபா நம் வேலியோரத்துப் பூனைக்காலி விதையில் நிரம்ப இருக்கிறது. அதை அவ்விதையிலிருந்து பிரித்தெடுத்து 1937-இல் வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த தாமோதரனும் இராமசாமியும். அது எதற்குப் பயன்படும் என்பதை உலகம் அறிய மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. நம் வேதியியல் துறைச் சுவரில் ஒட்டியிருக்கும் மேனாட்டார் படங்களுக்கிடையே இவர்கள் இருவர் பெயருக்கும் ஓரிடம் தரலாம். இதைப் படித்துவிட்டு யாரும் பூனைக்காலி விதையை இடித்துத் தாத்தாவுக்குக் கொடுத்துவிடக் கூடாது. அளவு தெரியாத மருந்து ஆபத்தானது.

இவ்வளவு அரிய மருந்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. டோபா காலை நடக்கவைப்பதைப் போலக் குரலை எழுப்புவதில்லை. மூளைக்குள் மின்முனை பொருத்திச் செய்யும் அறுவை முறை 1987 முதல் வளர்ந்து வந்திருக்கிறது. அதுவும் நடுக்கத்தை அடக்குமளவுக்குப் பேச்சைத் திருத்துவதில்லை; சிலருக்குப் பேச்சு மேலும் குளறவும் செய்கிறது. குரலுக்கு மாத்திரையும் இல்லை, கத்தியும் இல்லை. பயிற்சி ஒன்றே உண்டு. 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் உருவாகி லீ சில்வர்மன் என்ற நோயாளியின் பெயரால் வழங்கும் முறை அவற்றுள் புகழ்பெற்றது. அதில் சொல்லித் தருவது மிக எளிய ஒன்றுதான்: உரக்கப் பேசு. வாரத்துக்கு 4 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், 4 வாரம். 'ஆ' என்று நீட்டி ஒலிக்கச் செய்வது, அன்றாடம் பயன்படும் சொற்றொடர்களை உரக்கச் சொல்லச் செய்வது, உரக்கப் படிக்கச் செய்வது. கெட்டுப்போன அளவுகோலை மீண்டும் திருத்தி வைப்பதே நோக்கம். குரல் உயர்ந்தால் உச்சரிப்பும் தானே தெளிவடைவதைக் கண்டிருக்கிறார்கள்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்க்கின்சன் நோயையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உலகில் 2019-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 85 லட்சம் பேருக்கு மேல் இந்நோய் உள்ளது என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். சட்டமும் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. ஆனால் பேச்சுப் பயிற்சியாளர் பெருநகர மருத்துவமனைகளில்தான் எளிதில் கிடைக்கிறார். நம் போன்ற சிற்றூர்க்காரர்கள் ஒரு மணி நேரப் பயிற்சிக்கு ஒரு நாள் பயணம் செய்ய வேண்டும். தானாக நடக்க முடியாதவரை வாரம் 4 நாள் யார் அழைத்துப் போவது? மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனையில் ஒரு பேச்சுப் பயிற்சியாளராவது இந்நோயாளிகளுக்கென நேரம் ஒதுக்க வேண்டும் என்பதே நம் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

அதுவரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நம் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. ஆண்டுதோறும் முகாம் போட்டுச் சாலை போடுகிறோம்; போட்ட சாலை மழைக்குக் கரைந்ததும் மறு ஆண்டு அதே இடத்தில் மறுபடியும் போடுகிறோம். அந்த உழைப்பில் ஒரு சிறு பகுதியை இங்கே திருப்பலாகாதா? பயிற்சியாளர் ஒருவர் தொடக்கத்தில் வந்து முறையைக் காட்டிக் கொடுக்கட்டும். பிறகு நாளொன்றுக்கு இரண்டு மாணவர் வீதம், ஊரிலுள்ள இத்தகைய பெரியவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அவ்வளவே. குரல் இறங்கும்போது "இன்னும் உரக்க, ஐயா" என்று நினைவூட்டினால் போதும். அவர் வாக்கியத்தை நாம் முடித்து வைக்கக் கூடாது. அது உதவி போலத் தோன்றும் தடை. எதிரே அமர்ந்து முகம் பார்த்துக் கேட்க வேண்டும். வானொலியையும் மின்விசிறியையும் நிறுத்திவிட வேண்டும். கேட்பது எவ்வளவு கடினமான வேலை என்பதை முதல் நாளே உணர்ந்துவிடுவோம்.

நூலகத்தின் பின்புற அறை மாலை நான்கு மணிக்கு மேல் காலியாகத்தான் கிடக்கிறது. படியேற வேண்டியதில்லை. வாசற்படிக்கு முன் தரையில் ஒட்ட ஒரு சுருள் வண்ண நாடாவும், மேசைமேல் கோடு போட்ட தாள் ஒரு கட்டும் வாங்கினால் செலவு முடிந்தது. குரலின் அளவைக் காட்டும் கருவி இன்று பெரும்பாலான மாணவர் சட்டைப் பையில் கைப்பேசியாக இருக்கிறது. படிப்பதற்கு நூல் எது என்பதை வருகிறவர்களே சொல்லட்டும். எங்கள் தமிழாசிரியர் பரணி படிக்க வேண்டும் என்கிறார். வல்லினம் நிறைந்த நூல் என்பதால் தேர்ந்தெடுத்தாராம்.